மேய்ச்சலில் விடும் நாட்டுக்கோழிக்குக் காவல்: நாயா, கினிக்கோழியா, கூஸ் வாத்தா?

தோப்புக்காரன் (கேள்வி)

வணக்கம். சிறுமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, ஓரத்தில் கொஞ்சம் மா. அதில் சிறுவிடை (சிறிய உடம்பு நாட்டுக்கோழி) ஐம்பது உருப்படி மேய்கிறது. காலையில் திறந்துவிட்டுப் பொழுது சாய அடைக்கிறோம். மூன்று பக்கம் நாலடிக் கம்பிவலை, ஓடைப் பக்கம் மட்டும் முள்வேலி.

தை மாதத்திலிருந்து கோழி குறைந்துகொண்டே வருகிறது. பகலில் குஞ்சுகள் சத்தமே இல்லாமல் மறைகின்றன. வளர்ந்த பெட்டைகள் சில கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன, உடம்பு அப்படியே இருந்தது. கூட்டுக்குள் முட்டையும் காணோம், ஓடுகூட மிஞ்சவில்லை. ஆள் போட்டுக் காவல் காக்கக் கட்டுப்படியாகாது. நாய் வை என்கிறார் ஒருவர், கினிக்கோழி விட்டால் பாம்பே வராது என்கிறார் இன்னொருவர், கூஸ் வாத்து போதும் என்கிறார் மூன்றாமவர். எதை நம்புவது? நாய் என்றால் எந்த வகை, எப்படிப் பழக்குவது? எல்லாம் ஒரே தோப்பில் ஒத்துப்போகுமா?

---

பஞ்சாரம்

எடுப்பது எது என்று தெரியாமல் காவலுக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று வேறு ஆட்கள் தெரிகிறார்கள்.

கழுத்தில் கடி, உடம்பு முழுசாக இருக்கிறது, அதுவும் பகலில் என்றால் கீரி. பெரிய கோழியைத் தூக்கிப் போக அதற்கு வலு போதாது, அதனால் அங்கேயே போட்டுவிட்டுப் போகும். முட்டை ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பு; நல்ல பாம்பாகவோ சாரையாகவோ இருக்கலாம். கீரியோ பெருச்சாளியோ தின்றால் ஓட்டுத் துண்டு கிடக்கும். செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் எச்சிலில் ஊறி இறகு ஒட்டிக்கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டது என்று பொருள். பட்டப்பகலில் குஞ்சு தடயமின்றிப் போவது பருந்து, வல்லூறு, காகம். பதினைந்து இருபது நாள் குஞ்சு வரைக்கும் தூக்கிப்போகக் காகமே போதும்.

இன்னும் சில அடையாளம்: வேலி வரைக்கும் இறகு சிந்திக்கொண்டே போய் அங்கே நின்றுவிட்டால் காட்டுப்பூனை அல்லது நரி. ராத்திரியில் கூரை ஓட்டுச் சந்து வழியாக வந்து ஒன்றிரண்டைக் கடித்துப் போட்டால் மரநாய். ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோழி முதுகிலும் வாலிலும் கிழிபட்டு, ஒன்றைக்கூடத் தின்னாமல் கிடந்தால் தெருநாய், காட்டு மிருகமே இல்லை. மரத்தில் அடையும் கோழிக்குத் தலை மட்டும் இல்லையென்றால் ஆந்தை.

இதில் நாய் எதற்கு உதவும்? கீரி, பூனை, நரி, மரநாய். பாம்புக்கும் பருந்துக்கும் பாதிதான். கினிக்கோழி எதையும் விரட்டாது, கத்தும். கத்தினால் வந்து பார்க்க ஆளோ நாயோ வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் கினி வாங்கிவிட்டு "ஏமாந்துட்டேன்" என்பவர்கள்தான் அதிகம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டையில் குருணை மருந்து (பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லி விஷம்) வைப்பது, சுருக்குக்கம்பி போடுவது பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கீரி, காட்டுப்பூனை, நரி, சாரை எல்லாமே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அது ஒருபுறம் இருக்க, அந்த முட்டையை முதலில் தின்று சாவது உங்கள் நாயாகத்தான் இருக்கும்.

---

கோம்பைமலை

நாய் விஷயத்தை நான் எழுதுகிறேன்.

வகை: சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேண்டாம். நல்ல நாய்கள்தான், ஆனால் ஓடுவதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. சிறகடித்து ஓடும் கோழியைப் பார்த்துச் சும்மா இரு என்றால் அதற்குப் புரியாது. ராஜபாளையம் காவலுக்கு நன்று. ஆனால் தூய வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை உண்டு, வாங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், தோல் நோயும் பாருங்கள். கோம்பை துணிச்சல்காரன், கையாளத் தெரிந்தவருக்கு மட்டும். ஆடு, கோழியோடு பட்டியில் கிடக்கும் சாதாரண நாட்டு நாயின் குட்டிதான் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு. தாய் கோழிகளுக்கு நடுவில் படுத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள்.

வயது 45 முதல் 60 நாள். குட்டியின் முன்னால் ஒரு கோழியை விடுங்கள். மோந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போகும் குட்டியை எடுக்கலாம். அசையாமல் உறைந்து நின்று, காதை முன்னால் தள்ளி முறைக்கும் குட்டியை விட்டுவிடுங்கள். துறுதுறுப்பு கெடுதல் இல்லை, அந்த முறைப்புதான் கெடுதல்.

ஒரே ஈற்றுக் குட்டி இரண்டை ஒன்றாக வாங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விளையாட்டு, விளையாட்டு முற்றினால் கோழி வேட்டை. இரண்டு நாய் வேண்டுமென்றால் முதலாவது பழகிய பிறகு இரண்டாவது.

பழக்குவது: முதல் மாதம் குட்டியின் கூடு கோழிக் கொட்டகையை ஒட்டி, நடுவில் வலை. பார்க்கட்டும், மோக்கட்டும், தொட முடியாது. பிறகு காலையும் மாலையும் பதினைந்து இருபது நிமிடம் கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவில் உட்காரவையுங்கள். வயிறு நிரம்பி, ஓடி ஆடிக் களைத்த பிறகு செய்தால் பாதி வேலை மிச்சம். தானாகப் படுத்துக்கொண்டால் ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த ஈரலோ கொடுங்கள். முறைக்கத் தொடங்கும் நொடியிலேயே குறுக்கே நின்று "வேண்டாம்" என்று தடுக்க வேண்டும். பாய்ந்த பிறகு அடித்தால், உங்களைக் கண்டால் பயப்படும், நீங்கள் இல்லாதபோது கோழியைப் பிடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது நாலாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை. குட்டியில் சாதுவாக இருந்த நாய்க்கு அப்போது விளையாட்டுப் புத்தி ஏறும். ஒரு கோழி கத்திக்கொண்டு ஓடினால் போதும். அந்தக் காலத்தில் இருபதடிக் கயிறு தரையில் இழுபடட்டும், தனியாக விடவே கூடாது. ஒன்றரை வயதுக்கு முன்னால் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். தாய்க்கோழி குஞ்சோடு இருக்கும்போது இரண்டு வயது வரை கூட ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம் சோறு. நாய் கோழியைக் கொல்வதற்குக் காரணம் வேட்டைக் குணம் மட்டும் அல்ல, சோற்றுத் தட்டும்தான். நாய் தின்னும்போது கோழி வந்து தட்டைக் கொத்தும், நாய் ஒரு கடி கடிக்கும், கோழி செத்துவிடும். ரத்த ருசி கண்ட பிறகு திருப்புவது பெரும்பாடு. கோழி வர முடியாத இடத்தில், கதவு சாத்தி, சோறு வையுங்கள். கோழிக் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள். செத்த கோழியைத் தோப்பில் வீசாமல் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். முட்டைக் கூட்டை நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு முறை உடைந்த முட்டையை நக்கினால் தினமும் தேடி வரும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்று சிலர் சொல்வார்கள். திருந்தாது, நாற்றம்தான் மிச்சம்.

ஊசி: பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசி 6-8 வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து. மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். கீரியோடும் நரியோடும் மல்லுக்கட்டும் நாய்க்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை இப்போதே கேட்டு, எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். நல்ல பாம்பைக் கண்ட நாய் ஒதுங்கிப் போகாது.

---

தோப்புக்காரன்

ரொம்ப நன்றி அண்ணா. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டு நாய் உண்டு, மூன்று வயது, கட்டியே வளர்ந்தது. கோழியைக் கண்டால் சங்கிலியை இழுக்கும். அதை இப்போது பழக்க முடியுமா?

---

கோம்பைமலை

கோழிகளுக்கு நடுவில் அவிழ்த்துவிடும் அளவுக்குப் பழக்குவது கடினம், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் அதே நாயை ஓடைப் பக்கத்துக்குக் காவலாக்கலாம்.

முள்வேலிக்கு உள்பக்கம், கோழி மேயும் இடத்துக்கு வெளியே, ஓடுகம்பி கட்டுங்கள். இரண்டு கல்தூண், நடுவில் ஐம்பது அறுபதடி, ஏழடி உயரத்தில் எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி. அதில் ஒரு இரும்பு வளையம், வளையத்திலிருந்து சங்கிலி. சங்கிலி நாய் தரையில் படுக்கும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். இரண்டு தூணையும் நாய் எட்டாத தூரத்தில் கம்பியில் ஒரு முடிச்சுக் கிளாம்ப் போட்டால் தூணைச் சுற்றிச் சிக்காது. இடையில் மரம் எதுவும் இருக்கக் கூடாது. கழுத்துப் பட்டையில் சுழலும் கொக்கி கட்டாயம், இல்லாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். இரு முனையிலும் நிழல், ஒரு முனையில் தண்ணீர்.

வெயில் ஏறியதும் அவிழ்த்துக் கூட்டில் விடுங்கள். கீரி பகலில் வருகிறதே என்றால், அது அதிகம் நடமாடும் காலை, பிற்பகல் வேளைகளில் கட்டினால் போதும். கோழி அடைந்த பிறகு கதவைச் சரிபார்த்துவிட்டு ராத்திரி தோப்பு முழுக்க அவிழ்த்துவிடலாம். அது மூத்திரம் பெய்து எல்லை போட்டாலே பூனையும் நரியும் தயங்கும். தெருநாய்க் கூட்டம் வந்தால் மட்டும் ஒற்றை நாய் தாக்குப்பிடிக்காது, அதற்கு வேலிதான்.

---

புள்ளிக்கோழி

கினி பற்றி. பாம்பே வராது என்பது மிகை. பாம்பைப் பார்த்தால் சுற்றி நின்று கூட்டமாகக் கத்தும், அவ்வளவுதான். சின்னப் பாம்பைக் கொத்துவதும் உண்டு. ஆனால் அந்தக் கத்தல் சாமானியமானது இல்லை, ஒன்றரை ஏக்கர் தாண்டியும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள்!

வளர்ந்த கினியை வாங்கி நேராகத் தோப்பில் விட்டால் சாயங்காலத்துக்குள் சிறுமலைக்கே போய்விடும். நாலிலிருந்து ஆறு வாரம் கொட்டகைக்குள் அடைத்துவைத்து, பிறகு முதலில் இரண்டை மட்டும் திறந்துவிடுங்கள். மற்றவை உள்ளே கத்துவதால் அவை தூரம் போகாது. கம்பு, தினை எதுவானாலும் மாலையில் கொட்டகைக்குள் மட்டுமே போடுங்கள். காலையில் தீனி வைத்தால் ராத்திரி அடையத் திரும்பி வராது. மரத்தில் அடையவிட்டால் ஆந்தைக்கும் மரநாய்க்கும் விருந்து.

அதைவிட நல்ல வழி, உங்கள் சிறுவிடை அடைகோழிக்கே கினி முட்டை வைப்பது. ஒரு கோழிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து. கோழி முட்டை 21 நாள், கினி முட்டை 26-28 நாள். கூடுதல் வாரத்தில் அடைகோழி இளைத்துப்போகும், தினமும் ஒரு முறை இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டுங்கள். கோழி முட்டையையும் கினி முட்டையையும் கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடும், கினி முட்டை குளிர்ந்து கெடும். இப்படிப் பொரிந்த கினி, தாய்க்கோழி பின்னால் நடந்து கொட்டகைக்கு வரப் பழகிவிடும், ஓடிப்போகும் தொல்லை பெரிதும் குறையும்.

குஞ்சுக்கு ஈரம் ஆகாது. முதல் நாலு வாரம் தாயோடு சேர்த்து உலர்ந்த இடத்தில் அடைத்துவையுங்கள். பனிப்புல்லில் தாய் இழுத்துக்கொண்டு போனால் குஞ்சு விறைத்துச் சாகும். வழவழப்பான பேப்பர் விரிக்காதீர்கள், கால் விரிந்துவிடும், சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் முழுகிச் சாகும். தீவனம் புரதம் 24 சதம் அளவில் வேண்டும், பிராய்லர் ப்ரீ ஸ்டார்ட்டரில் கொஞ்சம் கருவாட்டுத் தூளோ வேகவைத்த முட்டையோ சேர்த்தால் கிட்ட வந்துவிடும்.

ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் காது கொடுத்துக் கேளுங்கள்: பெட்டை "டக்-வீக், டக்-வீக்" என்று இரண்டு பகுதியாகக் கத்தும், ஆண் "சிக் சிக் சிக்" என்று ஒற்றையாக மட்டும். பெட்டையும் பயந்தால் ஒற்றையாகக் கத்தும், அதனால் நிதானமாக இருக்கும்போது கேளுங்கள். ஓர் ஆணுக்கு நாலு பெட்டை. ஆண் அதிகமானால் முட்டைப் பருவத்தில் உங்கள் சேவலைத் துரத்தித் துரத்தி வால் இறகைப் பிடுங்கும்.

---

பஞ்சாரம்

கினிக்கு முன்னால் கைவசம் இருக்கும் சேவலைக் கவனியுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும், உங்களுக்கு ஐந்து. சேவல் வானத்தில் ஆபத்தைக் கண்டால் ஒரு சத்தம், தரையில் கண்டால் வேறு சத்தம். மேலே பருந்து என்றால் மெல்லிசாக இழுத்து ஒரே ஒரு கூச்சல், கோழியெல்லாம் பதுங்கும். கீரி, நாய் என்றால் நிறுத்தாமல் கொக்கரிக்கும், கோழியெல்லாம் தலையை நீட்டிப் பார்க்கும். ஒரு வாரம் கவனித்தால் உங்கள் காதுக்கே பிடிபடும்.

---

ஆலமரத்தடி

கூஸ் வாத்து என்று சொன்னவர் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு ஜோடி போதும், அதற்கு மேல் வேண்டாம். கீரியையும் பூனையையும் சிறகு விரித்துச் சீறி விரட்டும், புது ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும், பெரிய உடம்பு நடமாடும் இடத்தில் காகமும் கொஞ்சம் தயங்கும். நாய்க் கூட்டத்துக்கும் நரிக்கும் முன்னால் அதுவே இரை, ராத்திரி அடைத்தே ஆக வேண்டும். அடைகாக்கும் பருவத்தில் ஆண் கூஸ், கோழிக்குஞ்சை மிதிக்கும், கோழியின் கழுத்தைப் பிடித்து உதறும். அந்த மாதங்களில் அதற்குத் தனி இடம் வேண்டும்.

குளம் தேவையில்லை. தலை முழுக்க அமிழும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும், கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ள. அந்தத் தொட்டியைக் கோழிக் கொட்டகைக்கு இருபதடி தள்ளி வையுங்கள். வாத்து தண்ணீரைச் சிதறடித்துச் சேறாக்கும். ஈரத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும். கூஸ் வாங்கியபின் குஞ்சு சாகிறது என்று புலம்புகிற இடங்களில் தொட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.

வான்கோழியையும் யாராவது சொல்வார்கள். கோழியின் குடல்புழு முட்டை வழியாக வான்கோழிக்குக் கருந்தலை நோய் வரும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வான்கோழி செத்துவிடும். கோழி மேய்ந்த மண்ணில் வேண்டாம் என்பதே என் பேச்சு.

எதை வாங்கினாலும் மூன்று வாரம் தனியாக வைத்து, வெள்ளைக் கழிச்சல் அறிகுறி இல்லையென்று பார்த்த பிறகே சேருங்கள். காவலுக்கு வந்தது நோயைக் கொண்டுவரக் கூடாது.

பருந்துக்கு நாயும் இல்லை, வாத்தும் இல்லை, மறைவிடம்தான். தென்னந்தோப்பு மேலே நிழல், கீழே வெட்டவெளி. பதினைந்து இருபது தப்படிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி உயரத்தில் கீற்றுச் சாய்ப்பு போடுங்கள், தாய்க்கோழி குஞ்சோடு ஒரே ஓட்டத்தில் போய்ச் சேர வேண்டும். குஞ்சு மூன்று வாரம் வரை பஞ்சாரத்துக்குள் (கோழி மூடும் கூடை) இருக்கட்டும். கரிச்சான் குருவி கூடு கட்டியிருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். கூடு வைத்திருக்கும் காலத்தில் பருந்தையும் காகத்தையும் முதுகில் கொத்தி எல்லையைத் தாண்டும் வரை விரட்டும், சம்பளம் இல்லாத காவல்.

---

தோப்புக்காரன்

அப்படியானால் முதலில் ஓடுகம்பியும் சாய்ப்பும், பிறகு நாய்க்குட்டி, அடைகோழிக்குக் கினி முட்டை என்று போகிறேன். வாத்து இப்போதைக்கு வேண்டாம். முட்டை போவதற்கு மட்டும் என்ன செய்வது?

---

பஞ்சாரம்

அது கொட்டகை வேலை. அறுகோணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான், எதையும் வெளியே நிறுத்தாது. கீழிலிருந்து மூன்றடிக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். கீழ் ஓரத்தை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி, அரையடி மண் மூடுங்கள். தோண்டுகிற கீரியும் பெருச்சாளியும் சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டினால் விட்டுவிடும். கதவின் அடியில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மறந்துவிடாதீர்கள், மரநாய் வருவது அந்த வழிதான். குட்டிப் பாம்பு அரை அங்குலத்திலும் நுழையும், முட்டை விழுங்கும் அளவுள்ள பாம்பு நுழையாது. மீன்வலை கட்டினால் பாம்பு சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பது யார்?

முட்டையை மதியமும் மாலையும் எடுங்கள், ராத்திரி கூட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. கொட்டகையைச் சுற்றி இருபதடிக்குள் மட்டைக் குவியல், உரித்த மட்டை, செங்கல் அடுக்கு இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பாம்பும் கீரியும் குடியிருப்பது அங்கேதான். சிந்திய தீவனத்தைக் கூட்டிவிடுங்கள், அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். மட்டைக் குவியலைக் கலைக்கும்போது கையால் எடுக்காதீர்கள், நீளக் கொக்கியால் இழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அள்ளுங்கள்.